பார்க்காமல் நிற்கும் ஆள்: குரங்கின் மூளையில் பதற்றம் எப்படி வேலை செய்கிறது?

கூண்டில் ஒரு குரங்குக் குட்டி தனியாக இருக்கிறது. தாயிடமிருந்து பிரித்து, பழக்கமில்லாத அறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் அறையில் யாரும் இல்லை. குட்டி கூண்டுக்குள் அலைகிறது, உதட்டைக் குவித்து "கூ... கூ..." என்று நீளமாகக் கூப்பிடுகிறது. அம்மாவைத் தேடும் குரல் அது.

பிறகு ஓர் ஆள் உள்ளே வருகிறார். கூண்டுக்குச் சற்றுத் தள்ளி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பியபடி அசையாமல் நிற்கிறார். குட்டியைப் பார்ப்பதே இல்லை. குட்டியின் குரல் சட்டென்று நின்றுவிடுகிறது. இருந்த இடத்திலேயே உறைந்துபோய், கண்ணை மட்டும் அந்த ஆளின் மேல் வைத்திருக்கிறது. இது இன்னொரு பத்து நிமிடம்.

கடைசிப் பத்து நிமிடம் அதே ஆள் முகத்தைத் திருப்பி, குட்டியை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கிறார். இப்போது குட்டி உறைந்துபோவதில்லை. பல்லைக் காட்டுகிறது, குரைப்பதுபோல் கத்துகிறது, கம்பியைப் பிடித்து உலுக்குகிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நெட் கேலினும் ஸ்டீவன் ஷெல்டனும் செம்முகக் குரங்குக் குட்டிகளை வைத்துச் செய்து, 1989-இல் வெளியிட்ட சோதனை இது. பதற்றம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான். நடுவில் உள்ள அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாமே இருக்கிறது.

முறைக்கிற ஆள் யார், என்ன நினைக்கிறார் என்பது குட்டிக்குத் தெரிந்துவிட்டது. எதிரி என்று தெரிந்தபின் எதிர்க்கலாம், ஓடலாம், மிரட்டலாம்; செய்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. பார்க்காமல் நிற்கிறவரிடம் அப்படி எதுவும் பிடிபடவில்லை. என்னைக் கவனித்துவிட்டாரா, இல்லையா? சத்தம் போட்டால் திரும்புவாரா? தெரியாது. தெரியாதவரை அசையாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

நம் தெருவிலேயே இதைப் பார்க்கலாம். வாசலில் நாய் நின்று உறுமினால் வருவது பயம். கேட்டில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று பலகை தொங்குகிறது, நாயை மட்டும் காணோம். உள்ளே போய் மணி அடிக்க வேண்டும். அப்போது வயிற்றைப் பிசைகிறதே, அது பதற்றம். பயத்துக்குக் கண்முன்னே ஒரு காரணம் இருக்கிறது. பதற்றத்துக்குக் காரணம் இன்னும் வந்து சேரவில்லை, வருமா என்றும் தெரியவில்லை. இந்த இரண்டையும் மூளை ஓரளவு தனித்தனியாகவே கையாள்கிறது.

எலி இருக்கும்போது குரங்கு எதற்கு?

பயத்தைப் பற்றிய மூளை ஆய்வுகளில் பெரும்பகுதி எலிகளிடம் நடந்தது. மணி அடித்தவுடன் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தால், சில முறைக்குப் பிறகு மணிச் சத்தத்துக்கே எலி உறைந்துபோகும். இதிலிருந்து நமக்குக் கிடைத்த அறிவு ஏராளம். ஆனால், குரங்கின் உலகம் முகங்களால் ஆனது. யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் முகம் திருப்பினார்கள், யாருக்கு யார் துணை என்பதையெல்லாம் நொடிக்கு நொடி கணக்குப் போடுகிற உயிர் அது. நாமும் அப்படித்தான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியை நெற்றிப் புறணி என்று வைத்துக்கொள்வோம். குரங்குக்கும் மனிதனுக்கும் அது பெரிதாக வளர்ந்திருக்கிறது. அதில் சில பகுதிகளுக்கு நேர் இணையாக எலியின் மூளையில் எதைச் சொல்வது என்பதிலேயே விவாதம் இருக்கிறது. எலியில் கண்டது குரங்கில் தலைகீழாகத் திரும்பிய ஒரு சம்பவத்தைக் கீழே சொல்கிறேன்.

அமிக்டலா: பயத்தின் வீடா?

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் பக்கவாட்டு மடலின் அடியில், பாதாம் பருப்பு போன்ற ஒரு நரம்புத் திரள் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. கிரேக்கத்தில் பாதாமுக்கு உள்ள பெயரையே இதற்கும் வைத்தார்கள்: அமிக்டலா.

1930-களின் பிற்பகுதியில் சிகாகோவில் ஹைன்ரிச் குளூவரும் பால் பூசியும் செம்முகக் குரங்குகளின் பக்கவாட்டு மடல்களை இரண்டு பக்கமும் அகற்றினார்கள். அதுவரை மனிதர்களைக் கண்டால் சீறிய குரங்குகள் சாதுவாகிவிட்டன. பாம்பைக்கூட எடுத்து வாயில் வைத்துப் பார்த்தன. பிற்காலத்தில், 1956-இல், லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் அமிக்டலாவை மட்டும் சேதப்படுத்திப் பார்த்தபோது, பயம் குறைந்ததில் அதன் பங்கு தெளிவானது. "அமிக்டலாதான் பயத்தின் மையம்" என்ற வாசகம் அங்கிருந்து கிளம்பிப் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது.

அந்த வாசகம் பாதிதான் சரி. மற்ற பாதியைக் காட்ட இரண்டு சாட்சிகளைக் கூப்பிடுகிறேன்.

முதலாவது, கலிபோர்னியாவில் டேவிட் அமரால் குழுவினர் செய்த ஆய்வு. பிறந்து இரண்டே வாரமான செம்முகக் குரங்குக் குட்டிகளின் அமிக்டலாவைச் சேதப்படுத்தினார்கள். வளர்ந்தபோது அந்தக் குட்டிகள் பாம்புப் பொம்மைக்குப் பயப்படவில்லை, புதிய பொருட்களைத் தயங்காமல் தொட்டன. ஆனால், அறிமுகமில்லாத இன்னொரு குட்டியோடு விட்டால் சாதாரணக் குட்டிகளைவிட அதிகமாகப் பயந்தன. அமிக்டலா இல்லாமலும் பயம் வருகிறது, வேண்டாத இடத்தில் கூடுதலாகவே வருகிறது.

இரண்டாவது சாட்சி மனிதர். நாமும் அதே வரிசையைச் சேர்ந்த உயிர்தான். மருத்துவ இலக்கியத்தில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படும் ஒரு பெண்ணுக்கு, அரிய மரபணு நோயால் இரண்டு அமிக்டலாவும் அழிந்துவிட்டன. பாம்பு, சிலந்தி, பேய் பங்களா எதுவும் அவரை அசைக்கவில்லை. ஆனால் 2013-இல் வெளிவந்த ஆய்வில், கரியமில வாயு 35 சதவீதம் கலந்த காற்றை ஒருமுறை இழுக்கச் சொன்னபோது அவர் பீதியில் துடித்தார். வெளியிலிருந்து வரும் ஆபத்தை எடை போட அமிக்டலா வேண்டும். மூச்சு முட்டுவதுபோல் உடலுக்குள்ளிருந்தே எழும் அபாயத்துக்கு வேறு வழி இருக்கிறது.

அப்படியானால் அமிக்டலா செய்வது என்ன? "இதைக் கவனி, இது உன்னைப் பாதிக்கலாம்" என்று முத்திரை குத்துவது என்று சொன்னால் ஓரளவு சரியாக இருக்கும். அதன் ஒரு மூலையில் மைய உட்கரு என்று ஒரு பகுதி உண்டு. உடலுக்கு உத்தரவு போகும் வாசல் அதுதான். அங்கிருந்து கிளம்பும் செய்தி மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குப் போகிறது. சி.ஆர்.எஃப். என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது பிட்யூட்டரி என்ற சுரப்பியைத் தட்டுகிறது, பிட்யூட்டரி சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டுகிறது, ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. இன்னொரு கிளை மூளைத்தண்டுக்குப் போய் இதயத்தையும் மூச்சையும் மாற்றுகிறது; இன்னொன்று உடலை உறைய வைக்கிறது. கேலின் குழு இந்த மைய உட்கருவை மட்டும் குறிவைத்துச் சேதப்படுத்திப் பார்த்து 2004-இல் எழுதியது. பார்க்காமல் நிற்கும் ஆளின் முன் அந்தக் குரங்குகள் உறையும் நேரம் குறைந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பாம்பு, பெட்டியின் மேல் பிடித்த தின்பண்டம் என்று வைத்தபோது, கை நீட்டத் தயங்கும் நேரமும் குறைந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இந்த அறிவுக்குப் பின்னால் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்ததும், மூளையைச் சேதப்படுத்தியதும் இருக்கின்றன. பதற்ற நோயால் வாழ்க்கை முடங்கிப்போனவர்களுக்கு வழி தேடுகிறோம் என்கிறார்கள் ஆய்வாளர்கள், அது உண்மையும்கூட. இந்த விலை கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நம்மைப்போலவே உணர்கிறது என்பதால்தானே குரங்கைத் தேர்ந்தெடுத்தோம்? அதே காரணம்தான் இந்தக் கேள்வியையும் விடாமல் எழுப்புகிறது.

பயந்த சுபாவம்

சில பிள்ளைகளைப் "பயந்த சுபாவம்" என்று வீட்டில் சொல்வோம். குரங்குக் குட்டிகளிலும் அப்படி உண்டு. எந்தக் குட்டி அதிக நேரம் உறைந்து நிற்கிறதோ, குரலை அடக்கிக்கொள்கிறதோ, யாருக்குக் கார்டிசால் அதிகம் ஏறுகிறதோ, அதே குட்டி மறுமுறை சோதித்தாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இந்த மூன்று அளவையும் சேர்த்து விஸ்கான்சின் குழு ஒரே மதிப்பெண்ணாக்கியது.

பிறகு அவர்கள் செய்தது நல்ல உத்தி. குரங்குக்குக் கதிரியக்கக் குறியிட்ட சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அரைமணி நேரம் அந்தப் பார்க்காமல் நிற்கும் ஆளின் முன் விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் மூளையின் எந்தப் பகுதி கடுமையாக உழைக்கிறதோ, அது அந்தச் சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அதன்பின் மயக்க மருந்து கொடுத்து, அந்தச் சர்க்கரை எங்கே சேர்ந்திருக்கிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுக்கிறார்கள். குரங்கு தூங்கிக்கொண்டிருந்தாலும், ஸ்கேனில் தெரிவது அது கூண்டில் உறைந்து நின்ற அந்த அரைமணி நேரத்து மூளை.

238 குரங்குகளை வைத்து 2010-இல் வெளியிட்ட முடிவில், பயந்த சுபாவமுள்ளவற்றின் அமிக்டலாவும், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் முன்புறமும் அதிகமாக உழைத்தது தெரிந்தது. 2015-இல் 592 குரங்குகளோடு வந்த ஆய்வு வம்சாவளியையும் சேர்த்துப் பார்த்தது. சுபாவத்தில் குரங்குக்குக் குரங்கு தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய 30 சதவீதம் பரம்பரையாக வருகிறது என்று கணக்கிட்டார்கள். மீதியில் வளர்ப்பும் அனுபவமும் வருகின்றன. "எங்க பரம்பரையே அப்படித்தான்" என்று ஒரு பிள்ளையின் பதற்றத்தை ஒதுக்கித் தள்ளுபவர்கள் இந்த மீதியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அமிக்டலாவுக்கு அக்கம்பக்கத்தில் பி.என்.எஸ்.டி. என்று இன்னொரு சிறு உட்கரு இருக்கிறது. உடனடி ஆபத்துக்கு அமிக்டலா, எப்போது வரும் என்று தெரியாமல் நீளும் அபாயத்துக்கு பி.என்.எஸ்.டி. என்று எலி ஆய்வுகளை வைத்து ஒரு காலத்தில் கோடு கிழித்துப் பிரித்தார்கள். அந்தக் கோடு அவ்வளவு தெளிவானதல்ல, இரண்டும் சேர்ந்தே உழைக்கின்றன என்பதுதான் இப்போது வலுத்து வரும் கருத்து.

கடிவாளம் யார் கையில்?

உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவது என்றதும் நமக்குத் தோன்றும் படம் ஒன்றுதான்: உணர்ச்சி ஒரு குதிரை, அறிவு அதன் கடிவாளம். மூளை நூல்களும் நெடுநாள் இதையே சொல்லின. அமிக்டலா குதிரை, நெற்றிப் புறணி கடிவாளம். இந்தப் படம் சொன்ன அளவுக்கு ஏமாற்றவும் செய்திருக்கிறது.

மிகப் பெரிய ஏமாற்றத்தின் கதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. பெக்கி, லூசி என்று இரண்டு சிம்பன்சிகள். கிண்ணத்துக்கு அடியில் தீனியை ஒளித்து, திரை போட்டு மறைத்து, சற்று நேரம் கழித்து எந்தக் கிண்ணம் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். தப்பாகிவிட்டால் பெக்கி தரையில் விழுந்து புரண்டு கத்துவாள். ஜான் ஃபுல்டனும் கார்லைல் ஜேக்கப்சனும் நெற்றி மடல்களை அகற்றிய பிறகு, தவறினாலும் அவள் கவலைப்படவில்லை. 1935-இல் லண்டனில் நடந்த மாநாட்டில் இதைச் சொன்னபோது அங்கே இருந்தவர்களில் ஒருவர் போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ். அதே ஆண்டு நவம்பரில் அவர் மனநோயாளிகளின் நெற்றி மடல் இணைப்புகளை அழிக்கும் அறுவையைத் தொடங்கினார். 1949-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆயிரமாயிரம் பேர் அந்த அறுவையால் மந்தமாகிப்போனார்கள். லூசியின் கதை அதிகம் பேசப்படவில்லை. அவள் முன்பு அமைதியானவள். அறுவைக்குப் பிறகுதான் தவறியபோதெல்லாம் ஆத்திரப்பட்டாள். அவளையும் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு திருத்தம் நம் காலத்தில் நடந்தது. கண்குழிக்கு மேலே இருக்கும் நெற்றிப் புறணிப் பகுதியை உறிஞ்சி அகற்றினால் குரங்குகள் பாம்புப் பொம்மைக்கு வழக்கம்போல் அஞ்சுவதில்லை. எனவே உணர்ச்சியை ஒழுங்குபடுத்துவது அந்தப் பகுதி என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். பீட்டர் ரூட்பெக்கும் எலிசபெத் மரேயும் 2013-இல் வேறு விதமாகச் செய்தார்கள். நரம்பு செல்களை மட்டும் கொன்று, அந்த இடத்தைக் கடந்து செல்லும் நரம்பு இழைகளை விட்டுவைக்கும் ஒரு ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். பாம்புப் பொம்மைக்கான அச்சம் மாறவே இல்லை. பழைய முறையில் சேதமானது அந்த ஊர் மட்டும் இல்லை, அந்த ஊர் வழியாகப் போன ரயில் தண்டவாளமும்தான். எங்கெங்கோ போக வேண்டிய செய்திகள் நின்றுபோயிருந்தன.

அதனால் இப்போது கடிவாளத்தைவிட இணைப்புகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். பாஸ்டனில் ஹெலன் பார்பாஸ் குழு குரங்கு மூளையில் இழை இழையாகத் தேடி, நெற்றிப் புறணியின் கண்குழிப் பகுதியிலிருந்து அமிக்டலாவுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய செல் கூட்டத்துக்கு அடர்த்தியான இணைப்பு போவதைக் காட்டியது. அந்தச் செல்களின் வேலை அடக்குவது. மேலிருந்து வரும் செய்தி அவற்றை உசுப்பினால் மைய உட்கருவின் உத்தரவு தணியும். அதே மேலிடத்திலிருந்து வேறு பாதையில் வரும் செய்தி உத்தரவைக் கூட்டவும் முடியும். கடிவாளம் இழுக்கவும் செய்கிறது, சாட்டையாகவும் மாறுகிறது.

சாட்டையாக மாறும் இடம் ஒன்று உண்டு: 25-ஆம் பகுதி. நெற்றிப் புறணியின் நடுக்கோட்டில், அடியில் ஒளிந்திருக்கும் சின்ன இடம். கேம்பிரிட்ஜில் ஏஞ்சலா ராபர்ட்ஸ் குழுவினர் மார்மொசெட் என்ற சின்னஞ்சிறு தென் அமெரிக்கக் குரங்கை வைத்து ஆராய்கிறார்கள். எலியில் இதற்கு இணை என்று கருதப்பட்ட பகுதி, பழைய பயத்தை அடக்க உதவுகிறது. எனவே அதைச் செயலிழக்கச் செய்தால் பயம் கூட வேண்டும். மார்மொசெட்டில் 25-ஆம் பகுதியைச் செயலிழக்கச் செய்தபோது பயம் குறைந்தது. தூண்டிவிட்டபோது அபாயத்துக்கான எதிர்வினை கூடியது. முன்பே சொன்ன தலைகீழ் சம்பவம் இதுதான்.

இன்னொரு ஆச்சரியமும் அங்கே கிடைத்தது. ஒரு சத்தம் கேட்டால் மார்ஷ்மெல்லோ மிட்டாய் வரும் என்று மார்மொசெட்டுகளுக்குப் பழக்கினார்கள். சத்தம் கேட்டதும் அவற்றின் ரத்த அழுத்தம் ஆவலில் ஏறும். 25-ஆம் பகுதியைத் தூண்டிவிட்டால் அந்த ஆவல் வருவதில்லை. மிட்டாய் கிடைத்தால் தின்கின்றன, வரப்போகிறது என்ற மகிழ்ச்சிதான் காணாமல் போகிறது. கெட்டது வருமோ என்ற கவலை கூடுவதும், நல்லது வரும் என்ற ஆவல் குறைவதும் ஒரே இடத்தைத் தட்டினால் நடக்கின்றன. பதற்றமும் மனச்சோர்வும் ஏன் இவ்வளவு அடிக்கடி ஒரே மனிதரிடம் சேர்ந்து வருகின்றன என்பதற்கு இது ஒரு தடயம்.

நம் ஊர்க் குரங்கு சொன்னது

இதுவரை வந்த செம்முகக் குரங்கு வட இந்தியாவில் பரவலாக வாழ்வது. தீபகற்ப இந்தியாவில் மட்டும் வாழும் இனம் ஒன்று உண்டு; தலைமுடி தொப்பி வைத்ததுபோல் சுழித்திருக்கும், கோயில் மதிலிலும் மலைப்பாதையிலும் நாம் தினம் பார்க்கும் நாட்டுக் குரங்கு. குல்லாய்க் குரங்கு என்றும் சொல்வார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் லியோனார்ட் ரோசன்பிளம் இந்த இனத்தை வைத்து ஆய்வு செய்தார்.

குட்டியோடு இருக்கும் தாய்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். சிலருக்கு இரை எப்போதும் எளிதாகக் கிடைக்கும். சிலருக்கு எப்போதுமே மரச்சீவலுக்குள் துழாவித்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது வகைக்கு, சில நாள் எளிது, சில நாள் கடினம் என்று மாறி மாறி வரும். தீனியின் அளவில் யாருக்கும் குறை வைக்கவில்லை.

எப்போதும் கஷ்டப்பட்டுத் தேடிய தாய்களின் குட்டிகள் பெரும்பாலும் நன்றாகவே வளர்ந்தன. பதற்றம் கூடியது மூன்றாவது வகைக் குட்டிகளுக்கு. நாளை எப்படி இருக்கும் என்று தெரியாத தாய், குட்டியின் கூப்பிடுதலுக்கு ஒருநாள் போல் ஒருநாள் பதில் தரவில்லை; குட்டி தாயை விட்டு நகரப் பயந்தது. அந்தக் குட்டிகள் வளர்ந்து பெரிதான பிறகு முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். சி.ஆர்.எஃப். அதிகமாகவே இருந்தது. 1996-இல் ஜெரமி கோப்லன் முதலானோர் இதை வெளியிட்டார்கள். சோதனை முடிந்து ஆண்டுகள் ஆகியும், பார்க்காமல் நிற்கும் ஆள் அந்த மூளைக்குள் நின்றுகொண்டே இருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

குறைவாக வருவதைக்கூடத் தாங்கிக்கொள்ளும் மூளை, வருமா வராதா என்பதைத் தாங்கத் திணறுகிறது. தினக்கூலி வீடுகளையும், எந்த நேரம் எந்த மனநிலையில் அப்பா வருவார் என்று கதவையே பார்த்திருக்கும் பிள்ளைகளையும் நினைக்காமல் இந்த ஆய்வை என்னால் படிக்க முடிந்ததில்லை.

பதற்றத்தைக் குரங்கிடம் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டியதில்லை. அது தன்னைத்தானே சொறிந்துகொள்ளும். பேன் கடித்துச் சொறிவதைச் சொல்லவில்லை; நாம் தலையைச் சொறிவோமே, நகத்தைக் கடிப்போமே, அதைப்போல. பதற்றம் தணிக்கும் லோராசெபம் மருந்தை நீளவால் குரங்குகளுக்குக் கொடுத்தபோது சொறிவது குறைந்தது. பதற்றத்தைக் கூட்டும் மருந்து கொடுத்தால் அதிகமானது. சண்டையில் அடிபட்ட குரங்கு வெகுநேரம் சொறியும். அடித்த குரங்கே வந்து சமாதானம் ஆகிவிட்டால் சீக்கிரம் நின்றுவிடும். பேன் பார்க்கும்போது, பார்க்கப்படுகிற குரங்கின் இதயத் துடிப்பு இறங்குவதையும் அளந்திருக்கிறார்கள்.

இதைப் படித்த பிறகு ஒருமுறை குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையில் நின்று பார்த்தேன். பொரி பொட்டலத்துக்காக நடந்த சண்டையில் விரட்டப்பட்ட ஒரு பெண் குரங்கு, கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து முன்கையைச் சொறிந்தது. விலா, மறுபடியும் முன்கை. கீழே அந்தப் பெரிய ஆண் எங்கே போகிறது என்று நொடிக்கொருமுறை எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் குரங்கு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதன் தோளில் மயிரை விலக்கிப் பேன் பார்க்கத் தொடங்கியது. சொறிந்த கை மெதுவாக மடியில் இறங்கியது. கழுத்தைச் சாய்த்துக் கொடுத்து, கீழே பார்ப்பதையும் நிறுத்திவிட்டது.